பேத்திக்கு நான் போடாத வளையல்

ஆவணி மூன்றாம் வெள்ளி, இரவு.

இன்று பேத்தி கவிதாவுக்கு வளைகாப்பு. என் வீட்டுக்காரர், மகன் முருகேசன், மருமகள் சாந்தி, நாத்தனார் ராசாத்தி எல்லோரும் இருந்தார்கள்.

முடக்குவாதத்துக்கு நான் சாப்பிட்ட மாத்திரையைச் சித்திரையில் விடச் சொன்னவள் ராசாத்தி. "வலிதான் போயிருச்சே மதினி, இன்னும் எதுக்கு அதை முழுங்கிக்கிட்டு?" என்றாள். விட்டேன். விரல்கள் மறுபடி வீங்கிவிட்டன. "வலி இல்லைன்னாலும் விடக் கூடாதும்மா, இது ஆயுசுக்கும் கூட வர்ற நோவு" என்று புதுக்கோட்டை டாக்டர் திட்டி, திரும்ப ஆரம்பித்திருக்கிறார். நோவு மருந்துக்குக் கேட்க நாளாகுமாம்.

முதல் வளையல் என் கையால்தான் என்று கவிதா சொல்லிவிட்டாள். அவள் கையைக் குவித்துப் பிடிக்க என் விரல்கள் மடங்கவில்லை. வளையல் பாதியில் நின்றது.

"மெதுவா போடுங்க அப்பத்தா, எனக்கென்ன பஸ்ஸா போகுது?" என்று சிரித்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன்.

"ஒடைஞ்சா சகுனம் ஆகாது மதினி, இங்கிட்டு குடுங்க." ராசாத்தி வளையலை வாங்கி, ஒரே தள்ளாகத் தள்ளிப் போட்டுவிட்டாள். எல்லோரும் குலவையிட்டார்கள்.

மாத்திரை பற்றிச் சொன்னது தெரியாமல் சொன்னது, அது போகட்டும். பிள்ளை எனக்காகக் கையை நீட்டிக் காத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே பிடுங்கினாளே, அந்த ராசாத்தியை நான் மன்னிக்க மாட்டேன்.