அச்சு வெளியே

ஜூன் 3, செவ்வாய்

மாதிரி அறையின் ஜன்னல் இன்றும் முழுதாக மூடவில்லை. மழை வந்தால் அட்டை ஈரம் குடிக்கும். சொல்லி அலுத்துவிட்டது. நானே ஓர் அட்டைத் துண்டை மடித்து இடுக்கில் செருகினேன். காற்று நின்றது. இந்தத் தொழிற்சாலையில் என் வேலைக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம்.

ஆறாவது மாதிரி தயார். தம்பியிடம் விளக்க ஆரம்பித்தால் பாதியில் போன் வந்துவிடுகிறது, அதனால் இங்கேயாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் தூக்க, அடியில் ஒரு மேடை வேண்டும். அதுதான் பேலட். மரத்தில் செய்தால் ஓர் ஆளால் தூக்க முடியாத கனம். விமானத்தில் அந்தக் கனத்துக்கும் கூலி. திரும்பி வந்தால் இடத்தை அடைக்கும். என்னுடையது ஒரே தாள் நெளி அட்டை. தட்டையாக வரும், மடித்தால் கால் முளைக்கும், வேலை முடிந்தால் மறுபடி தட்டை. பசை இல்லை, ஆணி இல்லை. ஒவ்வொரு காலிலும் இருக்கும் அட்டை நாக்குகள் எதிரே உள்ள துளைகளில் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

தம்பி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அப்பாவுக்குப் பிறகு இந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை அவனுடையது. இந்த அறை மட்டும் என் பொறுப்பு, அதுவும் அவன் தயவில்.

"ஏறி நின்னு பாரேன்."

"என்னை விட்டுடு அக்கா. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

மருந்துக் கம்பெனி திங்கட்கிழமை சோதனைக்கு வருகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டால் இந்த அறை இருக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் இங்கே காகித உருளைகள் வந்து படுத்துக்கொள்ளும், நான் ஆபீசில் உட்கார்ந்து ஆர்டர் எழுத வேண்டியதுதான். இதைச் சொல்லும்போது அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் ஒன்றும் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

மடிக்கிறவர்கள் குழம்பக் கூடாது என்று அட்டையில் அம்புக்குறிகளை அச்சடிக்கச் சொன்னேன். தரையில் விரித்து, அம்பைப் பார்த்தபடி கால்களை மேலே மடித்து, பூட்டி, கவிழ்க்க வேண்டும். அம்புகள் உள்ளே மறைந்துவிடும். வெளியே சுத்தமான பழுப்பு. எனக்கே பிடித்திருந்தது. எனக்கே பிடித்துவிட்டால் சந்தேகப்பட வேண்டும், ஆனால் இன்று படவில்லை.

வீட்டில் இவர் என் சிறிய மாதிரி ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைத்திருக்கிறார். "தாங்குது. சர்டிஃபிகேட் எழுதித் தரவா?" என்றார். வரலாற்று வாத்தியார். எதற்கும் சான்று கேட்பவர், எனக்கு மட்டும் கேட்காமலே தருகிறார்.

ஜூன் 9, திங்கள்

விழுந்துவிட்டது.

அவ்வளவுதான் எழுத நினைத்தேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

மருந்துக் கம்பெனியின் தர அதிகாரி வந்தார். வெயிலிலும் குடையோடு வருகிற மனிதர். லோடிங் ஆட்கள் சனிக்கிழமையே பேலட்களை மடித்து வரிசையாக வைத்திருந்தார்கள். மேலே பெட்டிகள் தலை உயரத்துக்கு ஏறின. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவளை எல்லாரும் கேப்டன் என்பார்கள். அவள் வண்டியின் இரும்பு முட்களை அடியில் விட்டுத் தூக்கினாள். நன்றாகத்தான் எழுந்தது. கொஞ்ச தூரம் போய் இறக்கியபோது ஒரு கால் விரிந்தது, பிறகு பக்கத்துக் கால். அடுக்கு மெல்லத் தலையாட்டி, யோசித்து, சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை.

"மேடம், பூப்போலத்தான் இறக்கினேன். சத்தியமா," என்றாள் கேப்டன். தெரியும். பார்த்தேன்.

குடைக்காரர் என்னிடம் எதுவும் பேசவில்லை. தம்பியிடம், "மரமே இருக்கட்டும் சார். மருந்து விஷயம், விளையாட முடியாது" என்றார். பிறகு என் பக்கம் தலையைத் திருப்பி, "உங்க அக்காவா?" என்று கேட்டார். பரிதாபமாகக் கேட்ட மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

தம்பி கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "விடு அக்கா, நீயும் எவ்வளவுதான் பண்ணுவே" என்றான். அந்த 'விடு' என்கிற வார்த்தைதான் — நான் எதையாவது விட்டு இவன் பார்த்திருக்கிறானா?

ஜூன் 10, செவ்வாய்

கணக்கு சரி. மறுபடி போட்டேன். சரி. அப்படியானால் கால் ஏன் விரிந்தது?

ஜூன் 11, புதன்

உடைந்த பேலட்டைக் கேட்டால் கழிவு முற்றத்துக்குப் போய்விட்டது என்றார்கள். போனேன். அட்டைக் குவியலில் முழங்கால்வரை இறங்கித் தேடினேன். கேப்டன் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"என்ன மேடம், நகை ஏதாவது விழுந்துடுச்சா?"

"பேலட்."

"அது போனது போனதுதான். ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. உங்க வீட்டுல கட்டிலும் அட்டைதானா?"

கிடைத்தது. சாய்ந்த பெட்டிகளின் தடமும், டயர் கறுப்பும். அந்தக் கறுப்பு, அம்புக்குறியின் மேலேயே இருந்தது.

அம்புக்குறியில் எப்படி அழுக்கு? அது உள்ளே அல்லவா இருக்க வேண்டும்?

உள்பக்கம் வெளியே வரும்படி தலைகீழாக மடித்திருக்கிறார்கள். அப்படியும் நிற்கும், பார்க்கவும் சரியாகத்தான் தெரியும். திங்களன்று நானும் அடுக்கைத்தான் பார்த்தேன், அம்பைப் பார்க்கவில்லை. ஆனால் நாக்கில் ஒரு பக்கம்தான் தோள், அதாவது துளையில் மாட்டிக்கொள்ளும் புடைப்பு, வைத்திருக்கிறேன். சரியாக மடித்தால் பாரம் நாக்கைத் துளைக்குள் அழுத்தும். மாற்றி மடித்தால் அதே பாரம் வெளியே தள்ளும்.

"யார் இதை இப்படி மடிச்சது?"

"நாங்க எல்லாரும்தான்." கேப்டன் என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் இல்லை, வியப்பு இருந்தது. "அச்சு வெளியதானே மேடம் வரணும்?"

திரும்பிப் பார்த்தேன். லோடிங் கூடத்துச் சுவரில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிற பலகை: அச்சு வெளியே, பசை உள்ளே. பெட்டி மடிக்க வருகிற யாருக்கும் முதல் நாள் சொல்லித் தருவது அதைத்தான். அச்சு உள்ளே போன பெட்டி கழிவு. நானும் பள்ளி விடுமுறைகளில் அதே பலகைக்குக் கீழே உட்கார்ந்து மடித்தவள். உதவட்டும் என்று நான் போட்ட அம்புதான் அவர்களைத் தவறான பக்கம் திருப்பியிருக்கிறது.

சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் தடவை.

ஜூன் 12, வியாழன்

தம்பியிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், மடி என்றேன். அச்சை வெளியே வைத்து மடித்தான். கை பழக்கத்தில் போனது, கண் சொன்னதைக் கேட்கவில்லை.

"சரி, தெரிஞ்சு போச்சே. ஆளுங்களைக் கூப்பிட்டு ஒரு தடவை சொல்லிடலாம். இல்லைன்னா பெருசா எழுதி ஒட்டு."

"உன் ஆளுங்களுக்குச் சொல்லலாம். மருந்துக் கம்பெனியில மடிக்கிறவங்களுக்கு? வெளிநாட்டுல அதைப் பிரிச்சுத் திரும்ப மடிக்கிறவங்களுக்கு யாரு சொல்லுவா?"

"அப்போ அச்சை அடுத்த பக்கம் மாத்திப் போடு. தப்பா மடிச்சா சரியாயிடும்."

இதை அவன் சொன்னது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். நல்ல யோசனை. நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

"ஆனா அக்கா, அவர் மறுபடி வரமாட்டார். அதைப் புரிஞ்சுக்கோ. மாசக் கடைசியில உருளை வந்துடும், ஆர்டர் போட்டாச்சு."

மாதக் கடைசி வரை அறை என்னுடையதுதானே.

ஜூன் 14, சனி

அச்சை மாற்றிப் போட்ட தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து இவர் முன் போட்டேன். கண்ணாடியை மூக்கில் இறக்கி அம்புகளைப் படித்தார், படிக்க வசதியாக மேலே வைத்துக்கொண்டார், அம்பு உள்ளே போகும்படி அழகாக மடித்தார். அதாவது, இப்போது இவர் தவறு.

"ஏன், சரியாத்தானே மடிச்சேன்? அம்பு எதுக்கு இருக்கு, பாக்கத்தானே?"

அன்று விழுந்த மாதிரியை இவர் மடித்திருந்தால் சரியாக வந்திருக்கும். அட்டைக் குடும்பத்தில் பிறந்தவர்கள் ஒரு பக்கம், பிறக்காதவர்கள் மறுபக்கம். அம்பே வேண்டாமென்று எடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கொடுத்துப் பார்த்தேன். பாதிப் பேர் அப்படி, பாதிப் பேர் இப்படி.

நேரே மடிக்காதவர்களைத் திட்டிக்கொண்டே காய் நறுக்கினேன். இவர் தூரத்திலேயே இருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

மாற்றி மடிக்கவே முடியாதபடி துளையை ஓரமாக ஒதுக்கினேன். கேப்டனிடம் கொடுத்தேன். தவறான பக்கம்தான் மடித்தாள், நாக்கு போகவில்லை. சற்று நிதானித்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். போய்விட்டது.

"கொஞ்சம் டைட்டா இருந்துச்சு மேடம். சரி பண்ணிட்டேன்."

இரும்பு மறுத்தால் மனிதர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அட்டை மறுத்தால் தட்டுவார்கள்.

ஜூன் 18, புதன்

இத்தனை நாளாக நான் ஒரு பக்கத்தைச் சரி என்றும் மறுபக்கத்தைத் தவறு என்றும் வைத்துக்கொண்டு, ஜனங்களை என் பக்கம் இழுக்கப் பார்க்கிறேன். எதற்கு ஒரு பக்கம் தவறாக இருக்க வேண்டும்?

ஜூன் 20, வெள்ளி

நாக்குக்கு இரண்டு பக்கமும் தோள். எந்தப் பக்கம் மடித்தாலும் ஒரு தோள் பூட்டும். அகலமாகிவிட்டதால் உள்ளே போக மறுத்தது. நாக்கின் நடுவே ஒரு கீறல் விட்டேன். விரலால் கிள்ளினால் ஒடுங்கும், உள்ளே போனதும் விரியும். அச்சு எதுவும் இல்லை. வெறும் பழுப்பு.

தம்பி வந்து அளந்தான். "தாள் ரெண்டு விரல் கூடுதே."

"கூடும்."

"ரெண்டு விரல், அக்கா."

"விழுந்த பெட்டியை அடுக்க எத்தனை விரல் ஆச்சு?"

இன்னொரு தடவை அளந்துவிட்டுப் போனான். கேப்டனைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் மடிக்கச் சொல்லிப் பாரம் ஏற்றினோம். இரண்டும் நின்றன. தூக்கி, இறக்கி, வேண்டுமென்றே ஒரு தடவை தடாலென்று போட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகவே போட்டாள்.

"இதுவும் விழுந்திருந்தா நான் வேற வேலை தேடியிருப்பேன் மேடம்."

"நீ எதுக்கு?"

"அன்னைக்குப் போட்டது நான்தானே. ஊரே அப்படித்தான் பேசுது."

இது எனக்குத் தோன்றவேயில்லை. நான் என் கணக்கையே நினைத்துக்கொண்டிருந்தேன். லோடிங் கூடத்துக்குப் போய், விழுந்தது நாக்கின் தோளால், கேப்டன் கையால் இல்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கூட்டத்தில் பேசுவது எனக்கு ஆகாது. காது சுட்டது. சொன்னேன்.

ஜூன் 23, திங்கள்

தாள்களைக் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருந்துக் கம்பெனிக்குப் போனேன். தம்பிக்குச் சொல்லவில்லை. வரவேற்பறையில் மதியம்வரை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். குடைக்காரர் சாப்பிடக் கிளம்பும்போது என்னைப் பார்த்துவிட்டார்.

"மேடம், அன்னைக்கே சொல்லிட்டேனே."

"தம்பிகிட்ட சொன்னீங்க. எங்கிட்ட சொல்லலை."

குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். நான் ஒரு தாளைத் தரையில் விரித்து, "நீங்களே மடிங்க" என்றேன். எப்படி என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். முழங்கால் முறிய உட்கார்ந்து மடித்தார். அடுத்த தாளை வேண்டுமென்றே மாற்றி மடித்தார். அடுத்ததில் ஒரு பாதி இப்படி, ஒரு பாதி அப்படி. அது எனக்கே தோன்றாத கெட்ட யோசனை. மூன்றும் பூட்டிக்கொண்டன.

ஏறி நின்றேன், அந்தக் கலப்படத்தின் மேலேயே. வரவேற்பறையில், ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், கைப்பையோடு.

"உங்க எடை போதாது மேடம்," என்றார். பேக்கிங் ஆட்களைக் கூப்பிட்டார். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நெருக்கியடித்து ஏறினார்கள். பெரியவர் ஒருவர், "குரூப் போட்டோவா சார்?" என்று கேட்டார்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் பாரம் ஏற்றி, அவர்களுடைய ஈர அறையில் வாரக் கடைசிவரை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். ஈரம்தான் அட்டைக்கு எமன். பயப்படுகிறேன். பயந்தாலும் கிளம்பும்போது நடையில் அவசரம் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

உருளைகள் வந்துவிட்டன. வெளியே தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறார்கள். தம்பி உள்ளே கொண்டுவரச் சொல்லவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

நின்றது.

ஆகஸ்ட் 13, புதன்

மருந்துக் கம்பெனி வாங்கிச் சரக்கோடு அனுப்பிய பேலட்களில் ஒரு கட்டு திரும்பி வந்திருக்கிறது, தட்டையாக, கயிறு போட்டு. கடல் தாண்டிப் போய்வந்த அட்டை. ஓரங்களில் ஈரக் கறை, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு முத்திரை. ஒன்றைப் பிரித்து நிறுத்தினேன். மடிப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் பூட்டு சரியாக விழுந்தது. அறையின் நடுவில் அப்படியே விட்டுவிட்டு, அடுத்த அளவுக்கு வரைய உட்கார்ந்தேன்.

தம்பி ஏதோ கேட்க வந்தான். போன் காதில். பேசிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அது நின்று பல நாளாகிறது. வெளியே போய் பேட்டரி எடுத்து வந்தான். கை எட்டவில்லை. காலால் அந்தப் பேலட்டைச் சுவரோரம் தள்ளினான், தள்ளியதில் அது புரண்டு தலைகீழானது, மறுபடி காலாலேயே புரட்டினான், எந்தப் பக்கம் எப்படி மடிந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. ஏறினான். இரண்டு காலும் வைத்து, குதிகாலைத் தூக்கி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கடிகாரத்தைக் கழற்றி, பேட்டரி போட்டு மாட்டினான். அவன் வெளியே சொல்கிற எடையைவிட நிஜ எடை அதிகம்.

இறங்கிப் போய்விட்டான். என்னிடம் என்ன கேட்க வந்தான் என்பது அவனுக்கும் மறந்துவிட்டது.

நான் பென்சிலை எடுத்து விட்ட இடத்திலிருந்து வரைந்தேன்.