நீ எனக்குப் போட்ட மார்க்

சின்னவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று வழக்கம்போல எழுதத்தான் செய்கிறேன், ஆனால் எழுதும்போதே எழுத்து கோணிக்கொண்டு போகிறது, கோபத்தில். அம்மாவுக்கு எழுத்து கோணுகிறது என்று அதையும் எங்கேயாவது குறித்து வைத்துக்கொள். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

போன திங்கட்கிழமை நான் மருந்துக்கடைக்குப் போய்ப் பையை மாட்டிவிட்டு கவுன்டருக்குள் நுழையப் போனபோது முதலாளி கூப்பிட்டு, "இனிமே நீங்க பின்னாடி பெட்டி பிரிக்கிற வேலைய பாத்துக்குங்கம்மா" என்றார். ஏன் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "உங்க பொண்ணு போன் பண்ணாங்க, உங்களுக்கு மறதி ஆரம்பிச்சிருக்காம், யாருக்காவது மருந்த மாத்திக் குடுத்துட்டா பொல்லாப்பு" என்றார். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கவுன்டரில் நின்றவள் நான். டாக்டர்கள் கிறுக்கித் தரும் சீட்டை டாக்டருக்கே படித்துக் காட்டியிருக்கிறேன். பேர் ஒரே மாதிரி இருக்கும் மாத்திரைகளைப் பக்கத்துப் பக்கத்து டிராயரில் வைக்கக் கூடாது என்று அந்தக் கடைக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். என்னைப் பின்னால் கொண்டுபோய் அட்டைப்பெட்டிக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டாயே, நன்றாக இருப்பாயடி நீ. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நேற்று என்ன சமைத்தேன், உன் பள்ளிக்கூட பீஸ் எப்போது கட்டினேன் என்று என்னையே கேட்டிருந்தால் நீ பிறந்த நேரத்திலிருந்து வரிசையாக ஒப்பித்திருப்பேனே.

அன்றைக்கே உன் அண்ணனுக்கு போன் போட்டேன். அவன் வாயில் ஒன்றும் நிற்காது என்பது உனக்கும் தெரியும், மென்று முழுங்கிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினான். என் பிறந்தநாளுக்கு ஆசையாக அனுப்பினாயே அந்த டேப்லெட், அதில் தினமும் காலையில் ஏழு இங்கிலீஷ் எழுத்து வரும், அந்த எழுத்துகளை வைத்து எத்தனை வார்த்தை முடியுமோ அத்தனை எழுத வேண்டும், "பொழுதுபோக்கா இருக்கும்மா" என்று சொன்னாய். பொழுதுபோக்காம்! நான் எழுதும் வார்த்தையெல்லாம் எண்ணிக்கையாக உனக்கு வந்து சேரும் என்று சொல்லவில்லையே. முதல் மாதம் நாளுக்கு அம்பது, அப்புறம் முப்பது, இப்போது பத்தைத் தாண்டவில்லை என்று கோடு போட்டு, மேலேயிருந்து கீழே இறங்கும் அந்தக் கோட்டை அண்ணனுக்கு அனுப்பி, இரண்டு பேரும் சேர்ந்து எனக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். பெற்றவளுக்குத் தெரியாமல் பரீட்சை வைத்துத் தெரியாமலேயே பெயிலும் போட்ட ஒரே மகள் நீயாகத்தான் இருப்பாய்.

இப்போது கேள். அந்த விளையாட்டை நான் மொத்தம் இரண்டு நாள்தான் தொட்டேன். எட்டரைக்குக் கடையில் நிற்க வேண்டியவளுக்குக் காலையில் வார்த்தை தேட நேரம் ஏது? மூன்றாம் நாளிலிருந்து விளையாடியது உன் அப்பா.

முப்பது வருஷம் ஸ்டெனோவாக இருந்த மனுஷர், ஆபீசில் டிக்ஷனரி என்று பட்டப்பேர் வாங்கினவர், விடுவாரா? குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்துவிடுவார். ஆர், ஏ, என், ஜி, ஈ, டி, எஸ் என்று ஒருநாள் வந்தது, அதிலிருந்து ரேஞ்ச், கிரேட், ஸ்டேஜ், ஏஜென்ட் என்று உருவிக்கொண்டே அடுப்பு வரைக்கும் வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒன்று சொன்னால், "அதுக்கு ரெண்டு ஈ வேணும்டி, இருக்கறது ஒண்ணுதான்" என்று சந்தோஷமாக என்னை மட்டம் தட்டுவார். "அவ உனக்குன்னு அனுப்பினது, நான் பிடுங்கிட்டேன்னு சொல்லாதே, கோவிச்சுக்கப் போறா" என்றார். நானும் சொல்லவில்லை.

அப்புறம் அடுப்பு வரைக்கும் வருவது நின்றது. இல்லாத எழுத்தை வைத்து வார்த்தை எழுதிவிட்டு, அது ஒத்துக்கொள்ளவில்லை என்று டேப்லெட்டைத் திட்ட ஆரம்பித்தார். எழுதின வார்த்தையையே மறுபடி மறுபடி எழுதினார். நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சலித்துப்போயிருக்கும், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்தவர் வீட்டு மனுஷருக்கு என்றால் சீட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன், என் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டேன். உன் கணக்கு சரிதான், ஆள்தான் தப்பு. அதுதான் எனக்கு உன்மேல் இன்னும் ஆத்திரமாக வருகிறது. நான் மூடி வைத்ததை நீ அங்கே உட்கார்ந்துகொண்டு கோடு போட்டுக் காட்டிவிட்டாய், அதுவும் என் பேரைப் போட்டு.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என் இடம் எனக்கு வந்துவிடும், ஆனால் உன் அப்பாவை நாலு பேர் நடுவில் நிறுத்த வேண்டும். வாயே திறக்காமல் மூன்று நாள் பெட்டி பிரித்தேன். புதன்கிழமை சாயங்காலம் கையெல்லாம் அட்டை கிழித்த கீறலோடு வீட்டுக்கு வந்தேன், அவர் பார்த்துவிட்டார், துருவித் துருவிக் கேட்டார், சொல்லிவிட்டேன். மறுநாள் பகலில், தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து மருந்து வாங்குகிறவர்களோடு வரிசையில் நின்றிருக்கிறார். நான் பின்னால் இருந்தேன், குரல்தான் கேட்டது. "எங்க பொண்ணு கணக்குப் பாத்த எழுத்து விளையாட்ட விளையாடறது நான்தாங்க. கொறையறது என் மூளைதான், அவளுக்கு ஒண்ணுமில்ல" என்று ஆறேழு பேர் முன்னால் சொன்னார். ஒரு ஸ்பெல்லிங்கைத் திருத்தினாலே ரெண்டு நாள் பேசாத மனுஷர். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். நான் அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து கவுன்டரில் நிற்கிறேன். வருகிற வியாழக்கிழமை அவரை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். நீ ஓடி வர வேண்டாம், லீவு போட வேண்டாம், என்ன செய்ய வேண்டும் என்று அண்ணனோடு கூடிப் பேசவும் வேண்டாம். முதலாளிக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேள், அது போதும். என்னிடம் இப்போது கேட்காதே, நான் இன்னும் ஆறவில்லை. மாப்பிள்ளையின் இருமலுக்கு நீயாக மருந்து வாங்கிக் கொடுக்காமல் டாக்டரிடம் காட்டு. வேளைக்குச் சாப்பிடு. திட்டினாலும் நீ என் பிள்ளைதான், தீர்க்காயுசாக நன்றாக இரு, அதை வேறு விதமாக எழுத எனக்கு வராது.

ஒன்று மட்டும் மறக்காதே. எண்ணிக்கை எல்லாம் உனக்கு வருகிறது என்று அப்பாவுக்கு இப்போது தெரியும். டேப்லெட்டைத் தூக்கி அலமாரியில் வைக்கப் போனேன், கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "தினமும் பாக்கறாளா? அப்ப ஒரு நாளும் விடக்கூடாது" என்றார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஏழு மணிக்கு உட்கார்ந்தவர் ஒன்பதரைக்குத்தான் எழுந்தார், காப்பி ஆறிப்போய்விட்டது. உனக்கு அங்கே நாலு என்று வந்திருக்கும். அதைக் கோட்டில் சேர்க்காதே. அவருக்கு போன் பண்ணி, என்னென்ன வார்த்தை என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா