தேதியிடாத கடிதங்கள்

மார்ச் 4
என்னைக் கட்சியின் கொறடா ஆக்கிவிட்டார்கள். கட்சிக்குள் மோதும் இரண்டு அணிகளும் ஒரே பெயரைச் சொன்னது இதுதான் முதல் முறையாம். காரணம் தெரியும். என்னைக் கண்டு யாருக்கும் பயமில்லை. பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா?

"இந்தத் தடவையோட போதும்னு சொன்னீங்களே?" என்றாள் மனைவி. சொன்னேன்தான். தலைவர் முகத்தைப் பார்த்து மறுக்க வாய் வரவில்லை.

மார்ச் 6
இரும்புப் பெட்டியின் சாவி வந்தது. உள்ளே நாற்பத்தொரு ராஜினாமா கடிதங்கள். தேர்தலுக்கு முன் கட்சி எங்களிடம் எழுதி வாங்கியவை. எழுதித் தராதவருக்குச் சீட்டு கிடையாது. கையெழுத்து உண்டு, தேதி இல்லை. கொறடா உத்தரவை மீறும் உறுப்பினரைச் சட்டப்படி நீக்க வேண்டுமென்றால் விசாரணை, வழக்கு என்று வருடங்கள் ஓடிவிடும். ஆனால் தேதியைப் போட்டுச் சபாநாயகரிடம் நீட்டினால் பதவி போய்விடும். இனி அது என் வேலை.

தொகுதி வரிசையில் அடுக்கினேன். பதினேழாவது என்னுடையது.

மார்ச் 19
ஏரியை மூடித் தொழிற்சாலை கட்ட மசோதா வருகிறது. ஏரி என் மைத்துனன் தொகுதியில். எதிர்த்து வாக்களிப்பேன் என்று கட்சிக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டான். வெளியே வந்து என் தோளில் கைபோட்டான்.

"என்ன அத்தான், பெட்டியைத் திறந்துடுவீங்களா?"

"சத்தமா பேசாதப்பா."

"உங்க கையால போனா சந்தோஷம்தான். எழுத்தாவது அழகா இருக்கும்."



மார்ச் 21
தலைவர் கூப்பிட்டார். "திங்கட்கிழமை வாக்கெடுப்பு. உங்க மச்சான் கடிதத்துல தேதி போட்டு, உறையில வச்சு ஒட்டிக் கொடுத்துடுங்க. எதிர்த்துக் கையைத் தூக்கினா அனுப்பிடலாம். சொந்தக்காரர் கையாலயே நடந்தா வெளியில பேச்சு வராது."

சரி என்றேன். என் வாயில் அது ஒன்றுதான் வருகிறது.

மார்ச் 22
அவளிடம் என்னன்னு சொல்வேன்? உன் தம்பியை நானே வெளியே தள்ளப்போறேன்னா? தலைவர்கிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு எங்கே தைரியம் —

மார்ச் 23
மதிய இடைவேளையில் அறையைத் தாழிட்டுப் பெட்டியைத் திறந்தேன். தேதி போடச் சொன்னார், போட்டேன். மைத்துனன் கையெழுத்திட்ட அதே நாளின் தேதி. பழைய நாட்குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அன்று அவன் வெறும் வேட்பாளர். ஜெயிக்காத பதவியிலிருந்து எப்படி விலகுவான்?

அன்று எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசையில் நின்றுதான் கையெழுத்திட்டோம். எனவே மீதி நாற்பதிலும் அதே தேதியைப் போட்டேன். மை காயும்வரை விசிறினேன். மைத்துனன் கடிதத்தை மட்டும் உறையில் வைத்து ஒட்டித் தலைவரிடம் கொடுத்தேன்.

மார்ச் 25
மசோதா நிறைவேறிவிட்டது. மைத்துனன் எதிர்த்தான். "ஏரி போச்சு அத்தான். ஆனா எந்திரிச்சு நின்னேன்ல?"

மார்ச் 27
சபாநாயகர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். தலைவர் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"எல்லாத்துலயும் பழைய தேதி! என்னய்யா இது?"

"கையெழுத்து போட்ட தேதிதான் போடணும்னு நினைச்சேங்க."

குரல் நடுங்கியது. அதில் நடிப்பு இல்லை.  தலைவர் சிரித்தார். "வயசாயிடுச்சுய்யா உங்களுக்கு."

நம்பினாரா?

ஏப்ரல் 2
சாவி வேறொருவருக்குப் போனது. நான் கட்சியின் துணைத் தலைவர். வேலை ஒன்றுமில்லை. தலைவர் அறைக்குப் பக்கத்து அறை; நடுவில் ஒரு கதவு. தாழ்ப்பாள் அவர் பக்கம்.

"மேல மேல போயிட்டே இருக்கீங்க!" என்றான் மைத்துனன்.

ஏப்ரல் 3
புதிதாகக் கடிதம் எழுதி வாங்குகிறார்கள். முதலில் நான். தலைவர் பக்கத்திலேயே நின்றார். கையெழுத்திட்டதும் பழக்க தோஷத்தில் பேனா தேதிக்கு நகர்ந்தது. அவர் மெதுவாக என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அதை நான் பாத்துக்கறேன்."

ஏப்ரல் 5
மற்ற நாற்பது பேரும் மறுத்துவிட்டார்களாம். "ஜெயிச்சாச்சு, இனி எதுக்கு எழுதித் தரணும்?" என்று என் மைத்துனன்தான் ஆரம்பித்து வைத்தானாம்.

பெட்டியில் இப்போது ஒரே ஒரு கடிதம்.