நாலாவது வளைவில் மஞ்சள் கொடி

மார்ச் 2, ஞாயிறு

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினோரு வருடம் ஆகிறது. இன்று காலை உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதி முடித்தேன். அடுத்த ஞாயிறு கார் பந்தயம். அதற்குள் ரசிகர் மன்றத்துப் பலகையில் குத்திவிடுவேன். பந்தய வாரத்தில்தான் அந்தப் பலகையை எல்லோரும் படிக்கிறார்கள். யார் முந்துவார், மழை வருமா, எந்த டயர் தாங்கும் என்று ஆளுக்கொரு தாள் தொங்கும். நடுவே என்னுடையதும் தொங்கட்டும். கீழே முழுப்பெயர், பட்டம், இயற்பியல் துறை, எல்லாம் போட்டிருக்கிறேன்.

விஷயம் சின்னது. ஒரு பந்தயத்தில் அறிவித்த நேரம் தவறு என்றேன். என் ஸ்டாப்வாட்சுக்கும் அவர்கள் தாளுக்கும் பாயின்ட் மூணு வினாடி வித்தியாசம். என் பக்கத்தில் இன்னொரு ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தவன் என் சிநேகிதன், கண்ணாடிக் கடைக்காரன். அவனுக்கும் எனக்கும் ஒரே எண்தான் வந்திருந்தது. மன்ற அறையில் செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பாயின்ட் மூணு. கல்லூரி வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பெயர்.

மனைவி நான்கு பக்கத்தையும் படித்தாள். "கையெழுத்து அழகா இருக்கு," என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சி நாள். மன்றத்துக்கு இருப்பது ஒரே கார். நாற்பது ரசிகர்கள் சேர்ந்து வைத்திருக்கிறோம். ("நாப்பது பேருக்கு ஒரு காரா? பேசாம பஸ் வாங்கியிருக்கலாமே," என்பாள் மனைவி.) ஞாயிறன்று அதை ஓட்டப்போவது கண்ணாடிக் கடைக்காரனின் மகளா, செயலாளரின் மச்சானா என்பதுதான் கேள்வி. ஆளுக்குப் பத்துச் சுற்று. நேரம் எடுப்பது நான். கிண்டல் செய்வார்கள், ஆனால் ஸ்டாப்வாட்சை வேறு ஆளிடம் கொடுக்கமாட்டார்கள்.

நாலாவது வளைவின் மேட்டில் தனியாக உட்கார்ந்தேன். மன்றத்து ஆட்கள் நிற்கும் இடத்திலிருந்து அந்த வளைவு தெரியாது. முதலில் அவள். இரண்டு சுற்று சுத்தமாக ஓட்டினாள். அப்புறம் வேறு யாருடைய காரோ வளைவில் எண்ணெய் சிந்திவிட்டுப் போனது. ஊழியர் மஞ்சள் கொடியை ஆட்டினார். கொடியைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அதுதான் விதி. அவள் குறைத்தாள். மூன்றாவது சுற்றிலிருந்து பத்தாவது வரை, ஒவ்வொரு முறையும்.

அவள் இறங்கிய பிறகுதான் பொடி தூவிக் கூட்டினார்கள். மச்சான் ஏறும்போது கொடி இல்லை.

நேரங்களை எழுதினேன். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பவில்லை.

மறந்துபோய் அல்ல.

மார்ச் 5, புதன்

டயர்க் கடை மாடியில் மன்ற அறை. நான் எழுதிய நேரத் தாள் பலகையில். முன்னால் பத்துப் பதினைந்து தலைகள்.

"சராசரி பாருங்க. பொண்ணு ரெண்டு செகண்ட் பின்னாடி."

"நாலாவது வளைவுல பயந்துட்டா போல."

"கொடி காட்டினாங்கன்னு சொல்றா," என்றான் கண்ணாடிக் கடைக்காரன். மெதுவாகத்தான் சொன்னான்.

செயலாளர் என் தாளைத் தட்டினார். "இவரு காக்கா குறுக்க பறந்தாக்கூட எழுதுற மனுசன். இதுல ஒண்ணுமே இல்லையே. என்ன பாயின்ட் மூணு சார், கொடி இருந்துச்சா?"

"எழுதினது எழுதினதுதான்," என்றேன்.

"அப்ப சரி. சனிக்கிழமை பத்து மணிக்கு முடிவு சொல்லிடறேன்."

டயர்க் கடைக்காரர் பேச்சை மாற்றினார். "ஞாயித்துக்கிழமை முதல் அஞ்சுக்குள்ள வந்துருவோமா?"

"முதல்ல வண்டி கடைசி வரைக்கும் ஓடட்டும்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக் கடைக்காரன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

பதினோரு வருடமாகக் காத்திருந்த காட்சி. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

மதியம் கல்லூரி வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். அவளோடு பேசி எத்தனையோ வருடமாகிறது. மாமா என்று கூப்பிடுவதை மட்டும் அவள் விடவில்லை.

"மாமா, அன்னைக்கு நாலாவது வளைவுல நீங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"அப்பாடா. தாள்ல கொடியே இல்லேன்னு அப்பா வந்து சொன்னார். நீங்க சரியா பாத்திருக்க மாட்டீங்க, முதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். மாமாவாவது, எழுதாம விடறதாவது!"

நான் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். அது ஏற்கெனவே திறந்திருந்தது.

"அப்பா என்ன சொன்னார்?"

"அவர் எழுதலேன்னா நீ போய்க் கேக்காதே, எனக்கு இது நல்லா வேணும்னார். என்ன மாமா அது?"

"பாக்கறேன்," என்றேன். எதைப் பார்ப்பதாகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மாலை

அன்று தான் வாய் திறக்காதது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருடமும் இருந்திருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

எப்படி அளந்தோம் என்று சொல்லாத எண் வெறும் எண். முதலாண்டு வகுப்பில் வருடா வருடம் நானே சொல்வது.

துறை அலுவலகத்தில் ஆறு வரி தட்டச்சு செய்து எடுத்தேன். எண்ணெய் சிந்தியது, கொடி எந்தச் சுற்றிலிருந்து எந்தச் சுற்று வரை, சந்தேகமிருந்தால் கொடி பிடித்த ஊழியரைக் கேட்கலாம். பிறகு ஒப்பீடு: கொடி இல்லாத முதல் இரண்டு சுற்றுகளில் யார் வேகம்? அவள்தான். எவ்வளவு? பாயின்ட் மூணு.

வேறு எந்த எண்ணும் வரக்கூடாதா? மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். 'கிட்டத்தட்ட சமம்' என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். எழுதவில்லை. வந்ததை அப்படியே போட்டேன்.

பெயர்? பெயர் போட்டால் குறிப்பு ஏன் காலியாக இருந்தது என்று அந்த அறையில் நின்று பதில் சொல்ல வேண்டும். செயலாளருக்கு அது ஒன்று போதும், நான் ஓய்வு பெறும் வரை சொல்லிக்கொண்டிருப்பார். கண்ணாடிக் கடைக்காரன் நன்றி சொல்ல வந்தால் அதைவிட மோசம். அவனை நான் மன்னிக்கவில்லை. இது அவனுக்காக இல்லை.

அந்த நான்கு பக்கத்தை மேஜை இழுப்பறையின் அடியில் வைத்தேன். அதில் பட்டம் முதற்கொண்டு இருக்கிறது. இந்த ஆறு வரிக்குக் கீழே ஒன்றும் இல்லை.

மனைவி வாங்கிப் படித்தாள். "பேரு போடலேன்னா மட்டும் யாருன்னு தெரியாதாக்கும்?"

தெரியும். செவ்வாயன்று அந்த மேட்டில் இருந்தது நான் ஒருவன்தான். இருந்தாலும் போடப்போவதில்லை.

நாளை ஒன்பதுக்கு அறை திறப்பார்கள், பத்துக்குச் செயலாளர் வருவார். குண்டூசி இரண்டைச் சட்டைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன்.