வீங்கிப்போன ரின்

ஓகஸ்ட் 5, செவ்வாய்

கச்சான் காற்று. குசினி முழுக்கப் புழுதி. கூட்டிக் கூட்டிக் கை ஓய்ந்துவிட்டது.

நிலானியும் எரிக்கும் சுவீடனிலிருந்து வந்து நாலாம் நாள். மகளை ஏழு வருடத்துக்குப் பிறகு காண்கிறேன். மருமகனை இப்போதுதான் நேரில். கலியாணமும் படத்தில் பார்த்ததுதான்.

மருமகனுக்கு இதுவரை இறங்காதவை: ஒடியல் கூழ் (நண்டுக்கால் மிதந்து வந்ததும் கரண்டியை வைத்துவிட்டார்). கருவாட்டுக் குழம்பு. பாகற்காய். ஆட்டு ரத்த வறை, இது என்ன என்று கேட்டார், நி. சொன்னாள், எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

இறங்கியது பருப்பு ஒன்றுதான். பருப்பைக் கண்டால் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டுகிறார். ஆகவே பாணுக்கும் பருப்பு, சோற்றுக்கும் பருப்பு, புட்டுக்கும் பருப்பு. என் மனுஷன் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

நி. வெறும் பாண், வாழைப்பழம், தேத்தண்ணி. "வயிறு சரியில்லையம்மா." நான் என்ன விஷமா காய்ச்சுகிறேன்.

கடையில்: மைசூர்ப் பருப்பு, தேங்காய், நுளம்புத்திரி.

ஓகஸ்ட் 6, புதன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் இரணைமடுக் குளம் பார்க்கப் போன நேரம், குசினி மேசையில் அவர்கள் வைத்திருந்த சாமான்களை ஒதுக்கினேன். சொக்லற், கோப்பி, காய்ந்த ரொட்டி. நடுவில் மீன் அடைத்த தகர ரின் ஒன்று. இரண்டு பக்கமும் பொம்மென்று வீங்கிப் பந்து மாதிரி.

சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த வவுனியா முகாமில் பக்கத்துக் கூடாரத்துக் குடும்பம் இப்படி வீங்கிய ரின் ஒன்றை உடைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிடந்த கிடை கண்ணுக்குள் நிற்கிறது. முழுப்பேரையும் ட்ராக்டரில்தான் ஏற்றினார்கள். அன்றிலிருந்து எங்கள் சனத்துக்கு ஒரு சட்டம். ரின் வீங்கினால் நாய்க்கும் போடாதே, தாட்டுவிடு.

வாழையடியில் ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாட்டேன். மருமகனிடம் சொல்லவில்லை. பாவம், அவ்வளவு தூரம் தூக்கி வந்த சாமான் பழுதாகிவிட்டது என்று தெரிந்தால் வெட்கப்படுவார்.

நி. இன்றைக்கும் பருப்பைத் தொடவில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

காலையிலேயே சண்டை. எரிக் அலுமாரி, மேசை, கட்டிலுக்குக் கீழ் என்று தேடுகிறார். கடைசியில் நான் சொன்னேன். நி. தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

"அது அப்பிடித்தான் வீங்கும் அம்மா. பழுதில்லை. எரிக்கின்ர அம்மா சம்பந்தி வீட்டுக்கெண்டு எடுத்து வைச்சுத் தந்தது. ஏன் கேக்காமல் தாட்டனீங்கள்?"

அவர்களுடைய ஊரில் வருடத்துக்கு ஒரு தரம் வீட்டார் எல்லோரும் வளவில் கூடியிருந்து உடைத்துச் சாப்பிடுவார்களாம். வீட்டுக்குள் உடைக்க ஏலாதாம், அவ்வளவு நாற்றம்.

"அப்ப அழுகின மீனே?"

"அழுகினதில்லை. புளிக்க வைச்சது."

"மாவைப் புளிக்க வைப்பம். மீனை ஆர் பிள்ளை புளிக்க வைக்கிறது?"

"மாசிக் கருவாட்டை அங்க காட்டினா அவையும் உப்பிடித்தான் கேப்பினம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எரிக்குக்கு இஞ்சத்தைய சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை அம்மா. சனிக்கிழமை யாழ்ப்பாணம் போறம். ஹோட்டல் எடுத்தாச்சு. பிளைற் வரைக்கும் அங்கதான்."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பேசியிருந்தால் ஊர் கூடியிருக்கும். ஏழு வருடம் நான் காத்திருந்தது எவனோ ஹோட்டல்காரன் என் பிள்ளைக்குச் சோறு போடவா? இருக்கிற கொஞ்ச நாளும் இந்தக் கூரைக்குக் கீழ் இருக்கட்டும் என்றுதானே அந்த மருமகனுக்கு நேரத்துக்கு நேரம் பருப்புக் காய்ச்சினேன்.

ஆத்திரத்தில் குழம்புக்கு உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. அதுவும் ஆத்திரம்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. காலையில் ரின் தோண்டும் வேலை.

எரிக் மண்வெட்டியை அகப்பை பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் டங் என்று சத்தம். "தம்பி, நில்லும். தொடாதேயும்," என்று என் மனுஷன் கத்திவிட்டார். நானே தாட்ட ரின் என்று எனக்குத் தெரியும். காணியைக் கண்ணிவெடி அகற்றித்தான் தந்தார்கள் என்றும் தெரியும். இருந்தும் கால் தன்பாட்டில் பின்னுக்குப் போனது. நி.யும் பின்னுக்குப் போனாள். எரிக் மட்டும் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

வேலிக்கு அங்கால் ஒரு குரல்: "வெள்ளைக்காரன் கிண்டுறான். நகை ஏதும் கிடக்குதாக்கும்."

வாளித் தண்ணீருக்குள் அமுக்கி உடைத்தார்கள். அந்த நாற்றத்தை எழுதி வைக்கப் பேனைக்கு ஏலாது. வேலிக் குரல் அதோடு காணாமல் போனது. ரோட்டு நாய்கள் படலையடிக்கு வந்தன. என் மனுஷன் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வயலுக்கு. அங்கே இப்போது ஒரு வேலையும் இல்லை.

நி. காய்ந்த ரொட்டியில் அந்த மீனை வைத்து, வெங்காயம் தூவி, சப்பாணி கட்டியிருந்து சாப்பிட்டாள். விரலையும் நக்கினாள். எனக்கு வந்ததே ஒரு விசர்.

"உந்த மீனைத் தின்ன ஏலுது. பெத்த தாய் காய்ச்சின பருப்பு இறங்கேல்லை என்ன."

ரொட்டியை வைத்தாள்.

"எரிக்குக்கு ஒண்டுமில்லையம்மா. அவர் இஞ்சயே நிப்பமெண்டுதான் சொல்லுறார். எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு. பருப்பு கொதிக்கிற மணம் வந்தா கடைசிச் சண்டையில பங்கருக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு. பல்லில மணல் கடிபடுது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கு எண்டு நீங்கள் சொல்லுறது கேக்குது."

நான் சொன்னதுதான். ஒவ்வொரு வாய்க்கும் சொன்னேன்.

"பிறகு இஞ்ச இருந்த காலத்தில சாப்பிட்டனிதானே?"

"சாப்பிட்டனான். வேற என்ன செய்யிறது? இந்த மீனில எனக்கு ஒரு ஞாபகமும் வராதம்மா. அதுதான் இறங்குது."

"முதலே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் ஆசையாக் காய்ச்சுறீங்கள்."

சட்டிகளைக் கழுவினேன். யாரோடு கோபம் என்று தெரியாத கோபம். இத்தனை நாளும் மனதுக்குள் மருமகனைத் திட்டியது வேறு. மிச்சப் பருப்பைக் கோழிக்குப் போட்டேன். கோழி நன்றாகத்தான் தின்றது.

ஓகஸ்ட் 9, சனி

காற்று அடங்கவில்லை. பயணப்பெட்டிகள் கதவடியில். யாழ்ப்பாண வான் பத்து மணிக்கு.

விடியவே எழும்பிக் குசினிக்குள் நின்று யோசித்தேன். அந்தப் பங்கர் மாதங்களில் நாங்கள் சாப்பிடாதது எது? பருப்புச் சாப்பிட்டோம். கஞ்சி குடித்தோம். ரொட்டி, சொதி, கருவாடு, புட்டு எல்லாம் தின்றோம். எனக்குத் தெரிந்த சமையல் எல்லாம் அங்கேயும் காய்ச்சியதுதான். அரிசியே அங்கே வேகவைத்த அரிசிதான். எதைப் போட்டு என் பிள்ளையை மறிக்கிறது?

எரிக் தண்ணீர் குடிக்க வந்தார். கையைப் பிடித்து அடுப்படிக்குக் கொண்டுபோய், "தம்பி, நீர் சமையும்," என்றேன். விளங்கியதோ இல்லையோ, கடகப் பெட்டிக்குள் கிடந்த உருளைக்கிழங்கைக் கண்டார். பங்கருக்குள் உருளைக்கிழங்கைக் கண்ணாலும் காணவில்லை, அது சரி. தோலோடு அவித்தார். பட்டர், உப்பு. வேறு ஒன்றும் இல்லை. மிளகாய்த்தூள் போத்தலை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார்.

உப்புச் சப்பில்லை. என் மனுஷன் ஊறுகாய் கேட்டார். நான் தண்ணீர் விட்டுத்தான் இறக்கினேன்.

நி. எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். கையால் பிசைந்து. தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ அம்மா," என்றாள்.

வான்காரன் படலையடியில் ஹோர்ன் அடித்தான். ஒருவரும் எழும்பவில்லை.