கருங்கல் கிடைத்த ஆழம்

மார்ச் 4

அன்புள்ள கல்லுப்பொறுக்கி அக்காவுக்கு,

நீ படகேறிப் போய் ஏழு மாதம் ஆகிறது. போய்ச் சேர்ந்ததாக இரண்டு வரி வந்தது. அதற்குப் பிறகு உன்னைச் செய்தித்தாளில்தான் பார்க்கிறோம். பவளத் தீவை முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் துளைத்து, அடியில் அமிழ்ந்து கிடந்த எரிமலையின் கருங்கல்லைத் தொட்ட விஞ்ஞானி என்று போட்டிருந்தார்கள். படத்தில் அந்தக் கல்லைக் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறாய். சின்ன வயதில் வீடு முழுக்கக் கல்லாகக் குவித்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் இவள்தான் என்று கடையில் நின்றவர்களிடமெல்லாம் காட்டினேன். எனக்கே கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொதுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு மாதமாகக் கரிக்கிறது. காலையில் பம்பு போட்டதும் முதல் குவளையை நான் குடித்துப் பார்ப்பது உனக்குத் தெரியும். முதலில் என் நாக்கில்தான் கோளாறு என்று இருந்துவிட்டேன். இப்போது வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள்.

உன் துளைக்கும் கிணற்றுக்கும் நடுவே நாற்பது அடிதான். அடுத்த படகில் சிமெண்ட் வரும், ஆள் வந்து துளையை அடைத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். எத்தனையோ படகு வந்து போய்விட்டது. உன் ஆட்கள் துளைமேல் போட்டுவிட்டுப் போன தகரம் மட்டும் அப்படியே கிடக்கிறது. கிணற்றுப் பக்கத்தில் துளை போட வேண்டாம் என்று ஊரே சொன்னபோது, "எங்க அக்கா செய்யறதுக்கு நான் பொறுப்பு" என்று கூட்டத்தில் எழுந்து நின்றவன் நான். அதைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்து, சீக்கிரம் ஏதாவது செய்.

உன் தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்துச் சந்தோஷம். தண்ணீர்க் கவலையைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரு மாநாடு முடிந்தால் அடுத்தது வந்து நிற்கிறது.

நீ பயப்படுகிற மாதிரி இருக்காது. நம் ஊர் எப்படி உண்டானது என்று உட்கார வைத்துச் சொன்னேனே, நீ கொட்டாவி விட்டாய். கடலுக்கு நடுவே எரிமலை எழுந்தது. அடங்கியதும் தன் பாரத்தால், கடலடித் தரையோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத வேகத்தில் அமிழத் தொடங்கியது. அதன் கரையைச் சுற்றி இருந்த பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். அதனால் மலை இறங்க இறங்க அது மேலே கட்டிக்கொண்டே வந்தது. கடைசியில் மலை மறைந்து நடுவில் காயல் வந்தது, சுற்றிலும் வளையமாக நாம் நிற்கிறோம். அந்தப் பவளச் சுண்ணாம்பெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். மழைத் தண்ணீர் அதில் இறங்கி, கடல் தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. அதைத்தான் குடிக்கிறீர்கள். மேலே அதிகம் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும்.

அதனால் கேட்கிறேன், நீ பம்பை அதிக நேரம் ஓட்டுகிறாயா? பம்பு ஓடிய நேரம் எழுதுகிற நோட்டை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். துளை இந்நேரம் தானாகவே சரிந்து மூடியிருக்கும். குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இருபது வருடத்தில் ஒரு நாள் விடாமல் எழுதியது. தினமும் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் போனதில்லை. போன ஜூலையில் மட்டும் பத்தொன்பது நாள் ஏழெட்டு மணி நேரம் ஓடியிருக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் துளைக்கிற இயந்திரம் அரித்துவிடும், நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று நீ கேட்டு நான் இறைத்துக் கொடுத்த நாட்கள் அவை. காரணம் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை, நேரத்தை மட்டும்தான் எழுதுவேன். ஜூலையில் இறைத்ததில் ஏறிய உப்பும் அடுத்த மழையோடு கீழே இறங்கி, தண்ணீர் பழையபடி நன்றாகத்தான் இருந்தது.

துளை மூடவில்லை. தகரத்தைத் தூக்கிவிட்டுக் கயிற்றில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி இறக்கினேன். கையிலிருந்த நூறு மீட்டர் கயிறும் தீர்ந்துபோனது, நட்டு எங்கும் தட்டவில்லை. கயிற்றில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி நனைந்த இடத்தையே நக்கிப் பார்த்தேன், சுத்தக் கடல். கடல் ஏறிவர நாமே ஏணி வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

குழந்தைக்குப் பத்து நாளாக வயிறு சரியில்லை. என் வீட்டுக்காரி அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தீவில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டுக் குடும்பம் கிளம்பிவிட்டது. மிச்சமிருப்பவர்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எங்கள் காலடியில் ஒரு மலை இருக்கிறது என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது, குடிக்க ஒரு குடம் தண்ணீர் இல்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. துளை அடைக்கப்படவில்லை என்று தண்ணீர்த் துறைக்கு ஒரு வரி எழுது. அது இருந்தால்தான் அவர்கள் ஆள் அனுப்புவார்களாம். உன் அறிக்கையில் அடைத்தாயிற்று என்று இருக்கிறதாம். தட்டச்சுப் பிழை என்று நான் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


மே 15

அன்புத் தம்பிக்கு,

இது நம் இருவருக்குள் இருக்கட்டும். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

தட்டச்சுப் பிழை இல்லை. சிமெண்ட் மூட்டையெல்லாம் கடல் காற்றில் இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. படகுக்காரர் அவசரப்படுத்தினார். அடைக்கப்பட்டது என்று எழுதாவிட்டால் அடுத்த தீவில் துளையிட அனுமதி கிடைக்காது. சிமெண்டை அனுப்பிவிட்டால் எழுதியது உண்மையாகிவிடும் என்றுதான் எழுதினேன். பிறகு வேலை மும்முரத்தில் மறந்தே போய்விட்டது. சத்தியமாக மறந்ததுதான்.

இப்போது அதை மாற்றினால் என்னோடு பன்னிரண்டு பேர் உழைத்ததும் போய்விடும். கிணறு ஏன் கெட்டது என்று பார்க்கத் தண்ணீர்த் துறை போட்ட விசாரணைக் குழு என்னிடம்தான் கருத்துக் கேட்டிருக்கிறது. யாருக்கும் பெரிய பாதகம் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு என்னடா, அந்தப் பம்பை விட்டால் வேறு வேலையா இல்லை? எல்லோரையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. என் வீட்டில் மாடியறை காலியாகத்தான் இருக்கிறது. எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன், நீதான் பிடிவாதக்காரன்.

அக்கா


ஜூன் 21

அம்மையீர்,

விசாரணைக் குழுவின் உத்தரவு கிடைத்தது. கிணறு கெட்டதற்குக் காரணம் பம்பு ஆபரேட்டர் அளவுக்கு மீறி இறைத்ததே, துளை முறைப்படி அடைக்கப்பட்டிருக்கிறது என்று நிபுணர் கருத்தாக உங்கள் கையெழுத்து இருக்கிறது. என் நோட்டின் நகலும் இணைத்திருக்கிறார்கள். ஜூலையின் பத்தொன்பது நாட்களுக்கும் சிவப்பு மையில் கோடு. அந்தக் கோட்டைப் போட்டது யாருடைய கை என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் என் கணக்கு நோட்டில் தப்புக்கெல்லாம் அடிக்கோடு போட்ட அதே கை. என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஊர்க் கூட்டத்தில் உத்தரவைப் படித்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்துத் தீவிலிருந்து வந்திருந்த என் மாமனார் மட்டும், "அக்காவே சொல்லிட்டாங்களே" என்றார்.

நேற்று தண்ணீர்த் துறை அதிகாரி வந்தார். உங்கள் மே மாதக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"சொந்த அக்காவா?" என்றார்.

"கூடப் பிறந்தவங்கதான்."

"இதை நான் மேல அனுப்பினா அவங்க வேலை, பேரு எல்லாம் போயிடும். தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

"அவங்களும் தெரிஞ்சுதான் எழுதினாங்க, சார். அனுப்புங்க."

தகரத்தைத் தள்ளிவிட்டுத் துளையைக் காட்டினேன். அவரும் கயிறு விட்டுப் பார்த்தார். அடுத்த வாரம் சிமெண்டோடு ஆள் வருகிறார்கள். ஆனால் கிணறு உடனே தெளியாதாம். மேலே பெய்கிற மழை கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கீழே தள்ள வேண்டும், குறைந்தது ஐந்து மழைக்காலம் ஆகும் என்றார். அதுவரை இங்கே யார் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

அந்த ஐந்து வருடமும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். அதற்கப்புறமும் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் பம்பு ஆபரேட்டர்