வாண்டுவின் நாலு அடி

அன்புள்ள கப்பல்காரிக்கு,

நானும் வாண்டுவும் நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். போனில் சொன்னால் உளறிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

முதலில் நல்ல சேதி. நேற்று நம் மகள் நாலு அடி நடந்தாள்! தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவள், எதிரே கிடந்த சிவப்புத் துணியைக் கண்டதும் பிடியை விட்டுவிட்டாள். நாலாவது அடியில் தொப்பென்று உட்கார்ந்து, நான்தான் தள்ளிவிட்டேன் என்பதுபோல் முறைத்தாள். அளவு கொடுக்க வந்திருந்த டீச்சர் கைதட்டினார். அந்தக் குஷியில் அவர் கழுத்தளவை இடுப்புக்கு எழுதிவிட்டேன்!

இனி, உன்னிடம் மறைத்த சேதி.

நீ கப்பலேறிய மூன்றாவது வாரம், ஒரு வயதாகியும் இவள் தானாக உட்காரவில்லையே என்று டாக்டரிடம் காட்டினேன். மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். அவள் உள்ளே இருந்த நேரம் முழுக்க, அவளுடைய ஒற்றைச் சாக்ஸைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றேன்.

நரம்பு இழைகளைச் சுற்றி, ஒயர் மேல் பிளாஸ்டிக் உறை மாதிரி, மயலின் என்று ஒரு கொழுப்புறை உண்டாம். கப்பலில் ஒயரோடு மல்லுக்கட்டும் உனக்குச் சட்டென்று புரியும். எனக்கு டாக்டர் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறக்கும்போது கொஞ்சம்தான் இருக்குமாம். பிறகு மூளையின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை மெல்ல மெல்ல ஏறுமாம். அது ஏறினால்தான் மூளை சொல்வது காலுக்கு வேகமாகப் போய்ச் சேரும். எட்டு வாரம் முந்திப் பிறந்தவளுக்கு அது வயதுக்குத் தக்கபடி ஏறவில்லை. வெறும் தாமதமா, நோயா என்பது ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் தெரியும் என்றார்.

அந்த ஆறு மாதமும் நீ போன் செய்தபோதெல்லாம் "சூப்பரா இருக்கா" என்றேன். நடுக்கடலில் நீ தனியாக அழக் கூடாது என்று நினைத்தேன். "நீங்க பண்றது சரியில்ல, பெத்தவ அவ" என்று உன் அக்கா முகத்துக்கு நேராகவே சொன்னார். ஆனாலும் தினமும் காலையில் வந்து, டாக்டர் சொன்ன பயிற்சிகளை எல்லாம் என்னோடு சேர்ந்து குழந்தையைச் செய்யவைத்தார். வாண்டு எங்கள் இருவரையும் உதைத்தே தேறினாள்.

போன வாரம் இரண்டாவது ஸ்கேன். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முன்பு சாம்பலாக இருந்த இடங்கள் வெளுத்திருந்தன. "தாமதம்தான், நோய் இல்ல. உறை நல்லா ஏறிக்கிட்டிருக்கு. இருபது வயசு தாண்டியும் ஏறும்" என்றார். அப்படியானால் எனக்கு நின்றுபோயிருக்குமா என்று அழுதுகொண்டே கேட்டேன். "உங்களுக்கு ஏறினவரைக்கும் போதும், கண்ணைத் துடைங்க" என்றார்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். போனில் திட்டாதே, நேரில் வந்து ஆசை தீரத் திட்டு, தலை குனிந்து கேட்கிறேன். அதற்கு முன் ஒன்று மட்டும் செய். வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவந்து தூக்கிவிடாதே. வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு உட்கார். அவளே உன்னிடம் வரட்டும்.

நாள் எண்ணிக்கொண்டிருக்கும்,
உன் தையல்காரன்